கிணற்றுக் கணக்கு

நாற்பத்தேழு என்று எழுதினேன் நான்.
முப்பத்தொன்று என்று பதில் வந்தது
அசுன்சியோனிலிருந்து,
என் முதல் நூலின் மதிப்புரையில்,
பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பாக:
‘சுக்ரே நகரத்து ஆய்வாளர்
செத்தவர்களை இரண்டு முறை சாகடித்திருக்கிறார்.’

எலிஹியா பரெய்ரோ எனக்கு அறிமுகமானது அப்படித்தான்.

சாக்கோ முள்காட்டில்
எங்கள் இரு நாடும் முட்டிக்கொண்ட மூன்றாண்டில்
அடியில் எண்ணெய் இருப்பதாக யாரோ சொன்னார்கள்.
எண்ணெய் கேட்டா செத்தார்கள்?
தண்ணீர் லாரிகளின் பதிவேடுதான் என் பிழைப்பு.
எந்தத் தேதி, எத்தனை பீப்பாய், எத்தனை வாய்.
இந்தப் போர் உங்களுக்குத்
தண்ணீர் பட்ட பாடு என்பார்கள் என் மாணவர்கள்.
தண்ணீர் பட்ட பாடுதான்.

ஒரே கிணறு.
எங்கள் வரைபடத்தில் சான் லாசரோ,
அவர்கள் வரைபடத்தில் இகுவா மிரி.
அதன் விளிம்பில் விழுந்தவர் எத்தனை பேர் என்று
பத்தொன்பது வருடம் சண்டை போட்டோம்.
கோர்தோபா கருத்தரங்கில்
காலைச் சாப்பாட்டுக்குக் கூட வேறு மேசை.
சர்க்கரைக் கிண்ணம் என்னிடம் இருந்தது;
அவள் கேட்கவில்லை,
நான் நீட்டவில்லை.

அங்கே ராணுவ ஆட்சி விழுந்து
பூட்டிய அறைகள் திறந்த பிறகு
ஒரு தடித்த உறை வந்தது.
கடிதம் இல்லை. நகல்கள் மட்டும்.
போர்க்கைதிகள் பட்டியலில்
குவாரனி பேசும் எழுத்தர் ஒருவர்
காதில் விழுந்தபடி எழுதிய எங்கள் மலைப் பெயர்கள்:
கிஸ்பே கிப்பே ஆகி,
சோக்கே சோக்கா ஆகி,
பதினாறு பேர்.
கிணற்றில் சாகாதவர்கள்.
அவள் நாட்டில் சாலை போட்டு,
சாலை முடிவதற்குள் முடிந்தவர்கள்.

நாற்பத்தேழில் பதினாறு போனால் முப்பத்தொன்று.
கணக்கில் அவள் ஜெயித்துவிட்டாள்.
ஜெயித்த தாளின் ஓரத்தில் பென்சிலால்
‘இவர்களை நாங்கள் கொன்றோம்’ என்றிருந்தது.
அதை அவள் அச்சிலும் போட்டாள்.
பல்கலைக்கழக வாசலில்
முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள் முட்டை எறிந்தார்கள்.
அந்தக் கிணற்றைக் காத்தவர்களில்
அவள் அப்பாவும் ஒருவர் என்று
செய்தித்தாளில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பிறகு இருவரும் சேர்ந்து போனோம்.
கிணறு இப்போது ஒரு மாட்டுப்பண்ணைக்குள்.
பண்ணைச் சமையற்கூடத்தில் வேலை செய்யும்
தெயோதோரா என்ற நிவாக்ளே பெண்
வேலிக் கதவைத் திறந்துவிட்டு
இரண்டு கிழங்களும் குழிக்குள் எட்டிப் பார்ப்பதைப்
பார்த்துக்கொண்டு நின்றாள்.
சான் லாசரோ, என்றேன்.
இகுவா மிரி, என்றாள் எலிஹியா.
‘பன்றி கிளறிய குழி’ என்றாள் தெயோதோரா.
‘உங்கள் சிப்பாய்கள் வருவதற்கு முன்பே
அதுதான் பெயர்.’
பிறகு, கை துடைத்துக்கொண்டே,
‘எங்களில் எத்தனை பேர்?’

பத்தொன்பது வருடம் வாயாடிய இரண்டு பேருக்கும்
வாய் வரவில்லை.
அருகே எங்கோ காற்றாலைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

இருவர் பெயரிலும் வந்த நூலில்
அட்டவணைக்கு மூன்று பத்திகள்.
மூன்றாவது வெறுமை.
அச்சகத்திலிருந்து தொலைபேசி:
எழுத்து விடுபட்டுவிட்டதா ஐயா?
ஆமாம், விடுபட்டதுதான், என்றேன்.
அப்படியே அடியுங்கள்.

போன வாரம் அவளிடமிருந்து நான்கு வரி.
‘தெயோதோராவுடன் ஊர் ஊராய் அலைகிறேன்.
ஒன்பது பெயர் கிடைத்திருக்கிறது.
பத்தாவது, பெயர் வைக்கும் முன்பே போன குழந்தை.
எண்ணலாமா கூடாதா, சண்டை போட வா.’

எல்லை தாண்டிப் பேருந்தில் முப்பது மணி நேரம்.
முதுகு ஒத்துழைக்காது என்கிறார் மருத்துவர்.
ஜன்னலோர இருக்கை கேட்டிருக்கிறேன்.